கண்ணி தெரியாத தொப்பி

1571ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு விசித்திரமான சட்டம் போட்டது. ஆறு வயதைத் தாண்டிய குடிமக்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் கம்பளித் தொப்பி அணிந்தே தீர வேண்டும். அதுவும் உள்நாட்டில் பின்னி, உள்நாட்டில் துவைத்து இறுக்கி, தொப்பித் தொழிலாளர் கையால் முடிந்த தொப்பியாக இருக்க வேண்டும். போடாவிட்டால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். அன்றைய கூலியாள் ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. பிரபுக்கள், நைட் பட்டம் பெற்றவர்கள், ஆண்டுக்கு 20 மார்க் வருமானம் தரும் நிலம் உடையவர்கள், சீமாட்டிகள், கன்னிப்பெண்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. சட்டம் போட்டவர்களில் பெரும்பாலோர் விலக்குப் பட்டியலில் இருந்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் பிழைப்புதான். ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த ஃபெல்ட் தொப்பிகள்மீது மோகம் ஏறியிருந்தது. தட்டையான பின்னல் தொப்பியை ஊர்ப்புறத்தான் அடையாளம் என்று நகரத்து இளைஞர்கள் ஒதுக்கத் தொடங்கினார்கள். தொப்பித் தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் வேலையின்றித் தெருவுக்கு வந்தன. சட்டத்தால் நாகரிகத்தைத் தடுத்துவிடலாம் என்று முதலாம் எலிசபெத்தின் அரசு நம்பியது. நடந்தது வேறு. சட்டத் தொப்பி என்பதே கேலிப் பெயராகி, ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில்கூட இடம்பிடித்தது. 1597இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள்.

ஆனாலும் அந்தச் சட்டத்துக்கு வரலாற்றுக்காரர்கள் நன்றி சொல்லியாக வேண்டும். தொப்பித் தொழிலை நம்பிப் பிழைத்த 15 வேலைகளை அது பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது: கம்பளியைத் தரம் பிரிப்பவர், சிக்கெடுப்பவர், நூற்பவர், பின்னுபவர், மிதிப்பவர், இறுக்குபவர், சாயம் போடுபவர், கத்தரிப்பவர், அழுத்துபவர், உள்துணி வைப்பவர் என்று நீள்கிறது. இவற்றில் பின்னல் ஒரே ஒரு வேலை. அதற்குப் பின்னால் வருகிற வேலைகளில் பாதிக்குமேல், பின்னல் இருந்த தடயத்தையே அழிப்பதற்காக ஏற்பட்டவை.

இன்று கையால் பின்னும் பெரே என்ற தட்டை வட்டத் தொப்பியை எடுத்துப் பார்த்தால் அதன் அழகே மேற்பரப்பில்தான் இருக்கிறது. மணி மணியாகப் புடைத்த கண்ணிகள், கயிறாக முறுக்கிய கோடுகள், கூடை முடைந்தது போன்ற கட்டங்கள். பின்னியவர் எந்த இடத்தில் எந்தப் பக்கம் நூலை இழுத்தார் என்பது விரல் நுனிக்கே தெரியும். முன்னூறு நானூறு ஆண்டுகளுக்கு முன் இதே உருவத் தொப்பியை இப்படி ஒரு பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், வேலை பாதியில் நிற்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பாதி வேலை என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருந்தது. தடித்த கம்பளி நூலை நான்கு ஐந்து ஊசிகளில் வட்டமாகப் பின்னினால் முதலில் கிடைப்பது தொளதொளவென்று, தலையைவிட மிகப் பெரிய ஒரு பை. அதன் கண்ணிகளுக்கு இடையே காற்றும் மழையும் தாராளமாகப் புகும். இந்தப் பையை வெந்நீரில் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ஒருவகைக் களிமண் சேர்த்து, காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். நம்மூரில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியும் அதே வகைக் களிமண்தான். கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உராய்வும் சேரும்போது ஓர் இழையின் செதில் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். மாட்டிய பிறகு பின்வாங்காது. பை சுருங்கச் சுருங்கக் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டித் துணியாகும். அதன்பின் ஒரு மரக்கட்டையில் மாட்டி வடிவம் பிடித்து, முள்முள்ளான டீசல் செடியின் காய்ந்த பூந்தலையால் மேற்பரப்பைக் கீறி மயிரெழுப்பி, எழுந்த மயிரைக் கத்தரியால் சமமாக வெட்டுவார்கள். முடிவில் கைக்கு வெல்வெட் போல் இருக்கும். பின்னியதா நெய்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட தொப்பிகள் லண்டன் மண்ணுக்குள்ளிருந்து நிறையக் கிடைத்திருக்கின்றன. மூர்ஃபீல்ட்ஸ் பகுதியில் அடித்தளம் தோண்டியபோது, பழைய அகழியின் சேற்றில் காற்றுப் படாமல் புதைந்து கிடந்தவற்றை லண்டன் அருங்காட்சியகம் சேர்த்து வைத்திருக்கிறது. 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலிலும் மாலுமிகளின் பின்னல் தொப்பிகள் கிடைத்தன. இவற்றில் சிலவற்றின் விளிம்பைக் கத்தரியால் நறுக்கி அலங்கார வெட்டு விட்டிருக்கிறார்கள். சாதாரணப் பின்னலில் கத்தரி பட்டால் அவ்வளவுதான், ஒரு கண்ணி அவிழ்ந்து வரிசையே ஓடிவிடும். இங்கே நானூற்றுச் சொச்சம் ஆண்டு ஆகியும் ஒரு நூல் பிரியவில்லை. இறுக்கியவரின் கைவரிசைக்கு, அல்லது கால்வரிசைக்கு, இதைவிட நற்சான்று வேண்டாம்.

வேல்ஸ் எல்லையில் உள்ள மன்மத் ஊர் இந்தத் தொப்பியால் பெயர் பெற்றது. படைவீரர், மாலுமி, கூலியாள் என எல்லோர் தலையிலும் மன்மத் தொப்பி இருந்தது. மாசசூசெட்ஸுக்குக் குடியேறப் போனவர்களுக்கு வாங்கிக்கொடுத்த உடுப்புகளிலும் அது சேர்ந்திருந்தது. கொள்ளைநோய் பரவியதால் தொழில் பியூட்லி ஊருக்கு இடம்பெயர்ந்தது என்று தாமஸ் ஃபுல்லர் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அந்தக் காலத்து மன்மத் தொப்பி ஒன்று அவ்வூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுப்பு நிறம், மடித்த விளிம்பு, உச்சியில் சிறு குமிழ். அதைவிட எளிமையான தொப்பி இருக்க முடியாது.

மேற்பரப்பில் வேலைப்பாடு செய்யும் வித்தை அந்தக் காலத்தவருக்குத் தெரியாமல் இல்லை. ஃபிளாரன்சின் ஆட்சியாளர் முதலாம் கோசிமோ மெடிச்சியின் மனைவி எலியனோரா 1562இல் இறந்தபோது, கருஞ்சிவப்புப் பட்டில் பின்னிய காலுறைகளோடு அடக்கம் செய்தார்கள். அந்தக் காலுறையில் பர்ல் கண்ணி, அதாவது நூலை முன்பக்கம் வைத்துப் பின்னோக்கி இழுக்கும் கண்ணி, இருக்கிறது. நிட் கண்ணி வழவழப்பாகப் படுக்கும், பர்ல் கண்ணி சிறு மேடாக எழும்பும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் நிறம் மாறாமலே கோலம் தெரியும். காலம் உறுதியாகத் தெரிந்த பர்ல் பின்னல்களில் இதுதான் மிகப் பழையவற்றில் ஒன்று. ஆக, ஒரே காலத்தில் சீமாட்டியின் காலில் கண்ணி அழகு காட்டியது, ஏழையின் தலையில் அது மிதிபட்டு மறைந்தது. காலுறைக்கு மழையைத் தாங்கும் பொறுப்பு இல்லை, தொப்பிக்கு இருந்தது. அந்தப் பொறுப்பு தீரும்வரை தொப்பிக்கு அலங்காரம் வரவில்லை.

இயந்திரம் பற்றிய சண்டையும் அப்போதே தொடங்கிவிட்டது. நீர்ச்சக்கரத்தால் ஓடும் இறுக்கு ஆலைகளில் தொப்பிகளைப் போடக்கூடாது, மனிதர் மிதித்தே இறுக்க வேண்டும் என்று பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் தடை வந்தது. 1589இல் நாட்டிங்ஹம் அருகே கால்வர்ட்டன் ஊரில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் சட்டகம் ஒன்றைச் செய்தார். ஏழைப் பின்னல்காரர் வயிற்றில் அடிக்கும் என்று எலிசபெத் காப்புரிமை தர மறுத்ததாகக் கதை. லீ பிரான்சுக்குப் போய் அங்கேயே இறந்தார். சட்டகம் மட்டும் திரும்பி வந்து நாட்டிங்ஹம் வட்டாரத்தையே பின்னல் ஊராக்கியது. தொப்பி பின்னியவர்களுக்கு அதனால் உடனடி ஆபத்து வரவில்லை. அவர்களைக் கவிழ்த்தது மோகம்தான்.

இங்கிலாந்தில் மங்கிய தொழில் ஸ்காட்லாந்தில் நின்று விளையாடியது. டண்டீ நகரத் தொப்பிக்காரர்கள் 1496இலேயே கைவினைச் சங்கமாக அங்கீகாரம் பெற்றவர்கள். கில்மார்னக் தொப்பிக்காரர் சங்கம் 1647இல் உருவானது. பக்கத்தில் இருக்கும் ஸ்டூவர்ட்டன் ஊருக்கு இன்றும் தொப்பி ஊர் என்றே செல்லப்பெயர். இங்கே பின்னியது அகலமான, தட்டையான, நீலத் தொப்பி. முதலில் வோட் செடியின் சாயம். பிறகு நாம் அவுரி என்று சொல்லும் செடியின் நீலம் கடல் கடந்து வந்தது. ஐரோப்பாவில் வோட் பயிரிட்டவர்கள் இந்திய நீலத்தைப் பிசாசுச் சாயம் என்று திட்டித் தடை கேட்ட காலமும் உண்டு. தடைகள் எத்தனை நாள் நிற்கும்? வண்டி வண்டியாக வோட் இலை வேண்டிய இடத்தில் ஒரு சிறு மூட்டை அவுரி போதும்.

நீலத் தொப்பி ஸ்காட்லாந்து குடியானவனின் தலையிலேயே பிறந்து வளர்ந்தது. சமயக் கோரிக்கைக்காக 1640களில் ஆயுதம் எடுத்த கவனன்டர்கள் அதைப் போட்டார்கள். 1745இல் ஸ்டூவர்ட் இளவரசனுக்காகப் படை திரண்ட ஜாக்கபைட்டுகள் அதன்மேல் வெள்ளை ரிப்பன் பூவைச் செருகினார்கள். எதிரெதிர் கொள்கைக்காரர்கள் ஒரே தொப்பியைத் தம் அடையாளமாகச் சொல்லிக்கொண்டது வேடிக்கை. கில்மார்னக்கில் தன் முதல் கவிதை நூலை அச்சிட்ட ராபர்ட் பர்ன்ஸ் 1790இல் எழுதிய கவிதை ஒன்றில், குடித்துவிட்டு இரவில் குதிரையில் வீடு திரும்பும் விவசாயி ஒருவன் தன் நீலத் தொப்பியைக் காற்று கொண்டுபோகாமல் பிடித்துக்கொள்கிறான். அவன் பெயர் டாம் ஓ ஷான்டர். அடுத்த நூற்றாண்டில் தொப்பிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, பிறகு சுருங்கி டாம் ஆகிவிட்டது. பின்னல் புத்தகங்களில் டாம், பெரே என்று இரண்டு தலைப்பில் வருபவை பெரும்பாலும் ஒரே தொப்பியின் இரண்டு உறவுக்காரர்கள்: அடியில் இறுக்கமான பட்டி, நடுவில் விரியும் வட்டம், மேலே சுருங்கி முடியும் உச்சி.

பெரேயின் சொந்த ஊர் பிரான்சின் தென்மேற்கு மூலை. பிரனீஸ் மலையடிவாரத்தில் பெயார்ன் என்னும் வட்டாரம். அங்கே பெலோக் என்ற சிற்றூர்த் தேவாலயத்தின் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிற்பங்களில் தட்டைத் தொப்பி அணிந்த உருவங்கள் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் அதைத்தான் பெரேயின் பிறப்புச் சான்றிதழாகக் காட்டுவார்கள். கல்லில் செதுக்கியது பின்னலா, துணியா என்று யார் கண்டது? ஆனால் மேய்ப்பர்கள் தம் ஆட்டின் கம்பளியைத் தாமே நூற்று, மந்தையைப் பார்த்துக்கொண்டே பின்னி, நனைத்து இறுக்கிப் போட்டுக்கொண்டார்கள் என்பது அந்தப் பக்கத்தின் பழைய வழக்கம்.

பின்னிக்கொண்டே மேய்ப்பது என்றால் நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். பெயார்னுக்கு வடக்கே லாந்து என்னும் சதுப்பு நிலத்தில் அது ஒரு சர்க்கஸ் வித்தை. வெள்ளம் தேங்கிய புல்வெளியில் ஆடுகளைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக மேய்ப்பர்கள் பொய்க்கால் கட்டி நடந்தார்கள். முதுகுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு கழியை ஊன்றிச் சாய்ந்துகொண்டால் முக்காலி தயார். அந்த உயரத்தில் உட்கார்ந்தபடி தலையில் பெரேயும் கையில் ஊசிகளுமாகக் காலுறை பின்னினார்கள். பழைய அஞ்சலட்டைப் படங்களில் அவர்களைப் பார்க்கலாம். 1857இல் மூன்றாம் நெப்போலியன் அரசு சதுப்பை வடித்துப் பைன் மரம் நடச் சட்டம் போட்டது. மேய்ச்சல் நிலம் காடானது, பொய்க்கால் திருவிழா ஆட்டத்துக்குப் போனது, மலையடிவாரப் பெரே மட்டும் தொழிற்சாலைக்குள் நுழைந்தது.

அதே மூன்றாம் நெப்போலியன்தான் இந்தத் தொப்பிக்குத் தவறான ஊர்ப்பெயரையும் வாங்கிக்கொடுத்தவர் என்று பெயார்ன்காரர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். மனைவி யூஜெனிக்காக பியாரிட்ஸ் கடற்கரையில் மாளிகை கட்டியபோது தொழிலாளர்கள் தலையில் இருந்ததைப் பார்த்து பாஸ்க் பெரே என்றாராம். அதுவே உலகெங்கும் நிலைத்துவிட்டது. கதை உண்மையோ பொய்யோ, பாஸ்க் மக்கள் அதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டார்கள். அங்கே பெரேயின் பெயர் சப்பேலா. மேடையில் நின்றபடியே யாப்பமைந்த பாட்டு கட்டும் போட்டியானாலும், பந்தாட்டமானாலும், வென்றவருக்குப் பெரிய சப்பேலா ஒன்றைத் தலையில் வைப்பதுதான் மரியாதை. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர்களில், தம் இளவரசரை அரியணை ஏற்றப் போராடிய கார்லிஸ்டுகளின் தளபதி சுமலகாரெகி சிவப்புப் பெரேயோடு சவாரி செய்தார். அவரை எதிர்த்த லிபரல் தரப்பிலும் சிவப்புப் பெரேக்காரர்கள் இருந்தார்கள். ஸ்காட்லாந்தில் நடந்த அதே வேடிக்கை.

தொழிற்சாலைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நே ஊரில் 1819இல் பிளாங்க் ஒலிபே, ஓலோரோன் சாந்த் மரியில் 1840இல் லௌலேர், எல்லைக்கு அந்தப் பக்கம் தொலோசா ஊரில் 1858இல் எலோசெகி. எல்லாமே மலையாறுகளின் கரையில். ஓலோரோனில் ஆஸ்ப், ஓசோ என்னும் இரண்டு ஆறுகள் சேர்கின்றன. சக்கரம் சுழற்றவும் கம்பளியை அலசவும் தண்ணீர் வேண்டும். பின்னும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. வட்டத்தின் இரண்டு ஓரங்களையும் கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடுவது, மரச்சுத்தி அடிக்கும் தொட்டியில் வெந்நீரும் சோப்பும் விட்டு இறுக்குவது, சாயம், அச்சில் மாட்டி உலர்த்துவது, மயிரெழுப்புவது என்று மற்றவை பழைய வரிசையிலேயே நடந்தன. உச்சியில் நிற்கும் சின்ன வால் ஆதியில் பின்னலின் தொடக்க நூல். இப்போது அதைத் தனியாகச் செய்து ஒட்டவைக்கிறார்கள். அதற்குக் கபியூ என்று செல்லப்பெயரும் உண்டு. பின்னியது என்பதற்குத் தொழிற்சாலைப் பெரேயில் மிஞ்சிய ஒரே அடையாளம் அந்த வால், அதுவும் போலி.

படைகளுக்குள் பெரே போன வழியை இந்தியாவில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள், ஆனால் அதன் பலனைப் பள்ளி மைதானத்திலேயே பார்த்திருப்பார்கள். பிரான்சின் மலைப் படைப்பிரிவு 1880களின் இறுதியில் கருநீலப் பெரேயை எடுத்துக்கொண்டது. இரவில் கழற்றி இரண்டு காலையும் உள்ளே விட்டுக் கதகதப்பாகத் தூங்கும் அளவுக்கு அகலம் என்று பெருமையடிப்பார்கள். 1918இல் அவர்களோடு பயிற்சி செய்த பிரிட்டிஷ் டாங்கிப் படைத் தளபதி ஹியூ எல்லிஸுக்கு அது பிடித்துப்போனது. டாங்கியின் இடுக்கில் விளிம்பு வைத்த தொப்பி இடிக்கும். கறுப்பு நிறத்தில் எண்ணெய்க் கறை தெரியாது. 1924இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஒப்புதல் தந்தார். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படைக்கு மரூன், கமாண்டோக்களுக்குப் பச்சை என்று நிறங்கள் பெருகின. இந்திய ராணுவம் அந்த மரபை வாங்கிக்கொண்டது. அங்கிருந்து என்.சி.சி. மாணவர் தலைக்கும் இறங்கிவந்தது. புதுப் பெரேயை வெந்நீரில் முக்கித் தலையில் வைத்து, வலப்பக்கம் இழுத்து, காயும்வரை கழற்றாமல் வடிவம் பிடிக்கிற பையன் செய்வது, அன்றைய பட்டறையின் கடைசி வேலைகளில் ஒன்றைத்தான்.

1828 தொடங்கி பிரிட்டனுக்கு வெங்காயம் விற்கப் போன ரோஸ்கோஃப் ஊர் பிரெட்டன் வியாபாரிகளால், பெரே போட்டவன் பிரெஞ்சுக்காரன் என்ற கேலிச்சித்திரம் பரவியது. 1960 மார்ச்சில் ஹவானாவில் அல்பெர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் படம் அதையே புரட்சிக்காரன் தொப்பியாக்கியது. 1967இல் வந்த போனி அண்ட் கிளைட் படத்தில் ஃபே டன்னவே போட்டதும் பெண்கள் கடைகளை மொய்த்தார்கள். இவையெல்லாம் பல முறை எழுதியாகிவிட்டவை. இவர்கள் தலையில் இருந்ததும் கண்ணி மறைந்த வழவழப்பான பெரேதான்.

கண்ணி தெரியும் பெரே வந்தது வேறு வழியில், வீட்டு வழியில். 1840இல் எடின்பரோவில் ஜேன் கோகெய்ன் என்ற நூல் வியாபாரி, பின்னல் வழிமுறைகளைச் சுருக்கெழுத்துக் குறிகளோடு அச்சிட்டுப் புத்தகமாக்கினார். அதுவரை பெரும்பாலும் பாட்டி கையிலிருந்து பேத்தி கைக்குப் போனது காகிதத்துக்கு வந்தது. நடுத்தர வர்க்கப் பெண்களின் வரவேற்பறையில் தொட்டியும் இல்லை, மிதிக்கும் ஆளும் இல்லை. ஆகவே பின்னல் முடிந்த இடமே தொப்பியும் முடிந்த இடமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் நூல் கம்பெனிகள் விற்பனைக்காகச் சின்னச் சின்ன வழிமுறைத் தாள்கள் அச்சிட்டபோது, பெரே அவற்றுக்கு வாகான பொருளாக அமைந்தது. நூல் கொஞ்சம், நாளும் கொஞ்சம், அளவு சரியாக வராவிட்டாலும் சரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

போர்க்காலம் அதற்கு இன்னொரு தள்ளு கொடுத்தது. 1941 ஜூனில் பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு வந்தது. இரண்டு அவுன்ஸ் பின்னல் நூலுக்கு ஒரு கூப்பன். தொப்பிகளுக்குப் பங்கீடு இல்லை, விலைதான் எட்டவில்லை. பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி நனைத்து நேராக்கி, ஒரு பெரே பின்னிவிட முடிந்தது. கறுப்பும் பழுப்புமான அந்த நூலில் வண்ண விளையாட்டுக்கு வழியில்லை. நிட், பர்ல் என்ற இரண்டு கண்ணிகளை இடம் மாற்றினால் கிடைக்கும் மேடுபள்ளம்தான் காசில்லா அலங்காரம். மேற்பரப்பு வேலைப்பாட்டைச் சொகுசு என்று நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வேலைப்பாட்டுக்கு அர்த்தம் கற்பித்தவர்களும் வந்தார்கள். அயர்லாந்தின் ஆரன் தீவு ஸ்வெட்டர்களில் வரும் கயிற்று முறுக்கு, தேன்கூடு, வைரக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் புராதன மத ரகசியம் உண்டு என்று ஹைன்ஸ் எட்கர் கீவே என்ற ஆக்ஸ்ஃபோர்டு நூல் வியாபாரி எழுதினார். ஒவ்வொரு குலத்துக்கும் தனி வேலைப்பாடு, மூழ்கிய மீனவனை அதைக்கொண்டே அடையாளம் காண்பார்கள் என்ற கதையும் சுற்றுலாக் கடைகளில் விற்பனையாகிறது. ஜான் மில்லிங்டன் சிங் 1904இல் மேடையேற்றிய நாடகத்தில் தங்கை தன் அண்ணனின் காலுறையை அடையாளம் காண்கிறாள். குல வேலைப்பாட்டால் அல்ல, தான் விட்டுவிட்ட நான்கு கண்ணிகளால். லெஸ்டர் பிஷப்பாக இருந்த ரிச்சர்ட் ரட் 1987இல் கைப்பின்னலின் வரலாற்றை எழுதியபோது இந்தப் புனைவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். ஆரன் வேலைப்பாடுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சந்தைக்காகப் பின்னிய கெட்டிக்காரப் பெண்கள் உருவாக்கியவை. பழமை இல்லை என்பதால் அவர்கள் திறமை குறைந்துவிடுவதில்லை. பொய்ப் பழமையைச் சூட்டுவதுதான் அந்தப் பெண்களின் பெயரைப் பறிக்கிறது.

வடகடலில் உள்ள ஷெட்லாந்து தீவுகளின் பெண்கள் பின்னல் ஊசியை இடுப்பில் ஊன்றுவார்கள். குதிரைமயிர் அடைத்த, துளைகள் போட்ட தோல் வார் ஒன்றை இடுப்பில் கட்டி, ஒரு ஊசியின் முனையை அதில் குத்திவிட்டால் ஒரு கை விடுதலை. முதுகில் கூடை சுமந்து நடந்தபடியே பின்னிய பெண்களின் படங்கள் உண்டு. வேல்ஸ் இளவரசர் எட்வர்டு 1922இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் ஃபேர் ஐல் என்னும் பலவண்ணப் பின்னல் ஸ்வெட்டரோடு நின்றதும் இவர்கள் வேலைக்கு உலகச் சந்தை திறந்தது. ஃபேர் ஐல் டாமில் அழகு நிறத்தால் வருகிறது. உச்சியில் ஆறு ஏழு ஆரங்களாகக் கண்ணி குறைத்து ஒரு சக்கரம் உருவாக்குவார்கள். பின்னி முடித்ததும் நனைத்து, சாப்பாட்டுத் தட்டு ஒன்றை உள்ளே செருகிக் காயவைப்பார்கள். தட்டின் அகலமே தொப்பியின் அகலம்.

மேடுபள்ள வேலைப்பாட்டுப் பெரே பின்னுகிறவர்களும் இதே தட்டைத்தான் நம்புகிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தலைவலி வேறு இடத்தில். மாஸ் கண்ணி என்னும் எளிய வேலைப்பாட்டை எடுத்துக்கொள்வோம்: ஒரு நிட், ஒரு பர்ல், அவ்வளவுதான். வட்ட ஊசியில் மொத்தக் கண்ணிகள் இரட்டைப்படையாக இருந்தால் நிட்டின் மேல் நிட் விழுந்து நெடுக்குக் கோடுகள் வரும். தலையை இறுக்கிப் பிடிக்கும் பட்டிக்கு அதுதான் தேவை. அதில் ஒரே ஒரு கண்ணியைக் கூட்டி ஒற்றைப்படை ஆக்கினால், அடுத்த சுற்றில் நிட்டின் மேல் பர்ல் தானாக வந்து விழும். எண்ணவே வேண்டாம், கை ஓட ஓட அரிசி பரப்பியது போல் மணிகள் எழும். இது பின்னல்காரர்களின் நல்ல தந்திரங்களில் ஒன்று. சிக்கல் உச்சிக்குப் போகும்போது. கண்ணியைக் குறைக்காமல் வட்டம் மூடாது. ஒற்றைக் கண்ணியைக் குறைத்தால் வரிசை புரண்டு நிட்டின் மேல் நிட் ஏறிவிடும். அதனால் மூன்று கண்ணியை ஒன்றாக்கி, ஒரு தடவைக்கு இரண்டு இரண்டாகக் குறைப்பார்கள். ஆரங்கள் சுத்தமாக நிற்கும், இடையில் உள்ள ஆப்பு வடிவங்களில் மாஸ் கண்ணி கலையாமல் குறுகிப்போகும். கயிற்று முறுக்கு போடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு: முறுக்கு துணியை உள்ளிழுக்கும் என்பதால் பட்டி முடிந்ததும் கூடுதல் கண்ணிகளைத் தாராளமாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெரேக்குப் பதில் குல்லாய்தான் வரும்.

இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய மேடுகளை ஒரு வெந்நீர்த் துவையல் அழித்துவிடும். இழையின் செதில்கள் இன்றும் அதே செதில்கள்தான். சலவை இயந்திரத்துக்குள் தவறிப் போன கைப்பின்னல் பெரே, ஓலோரோன் தொட்டிக்குள் போனது போலவே கெட்டியாகி, குழந்தையின் தலைக்குக்கூடப் போதாமல் வெளியே வரும். இதைத் தடுக்க 1970களில் ஆஸ்திரேலிய அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. பங்களிப்போடு ஒரு முறை பரவியது. குளோரினால் செதிலின் கூர்மையை மழுக்கி, அதன்மேல் மெல்லிய பிசின் படலம் பூசுவார்கள். சூப்பர்வாஷ் என்று லேபிளில் வருவது இந்தக் கம்பளிதான். கண்ணி கண்ணியாகத் தெரியும் பெரேக்கு அது பொருத்தம். எத்தனை முறை அலசினாலும் மேடு மேடாகவே இருக்கும். கில்மார்னக் நீலத் தொப்பியைப் பழைய முறையிலேயே செய்து பார்க்கும் ஆர்வலர்கள் அந்த நூல்கண்டைத் தொடுவதில்லை. நாள் முழுக்க மிதித்தாலும் அது இறுகாது.